சிவப்பைத் தொடாத ஊசி: ஒலிநாடாவைச் சான்றாகக் கொள்வோர்க்கு ஒரு குறிப்பு

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் கேசட்டை அறிமுகப்படுத்தியபோது, பேச்சைப் பதிவதே அதன் முதன்மை நோக்கமாக இருந்தது. நாடாவின் அகலம் 3.81 மி.மீ.; வேகம் நொடிக்கு 4.76 செ.மீ. இசைப் பதிவுக்கூடங்களின் நாடாவோ நொடிக்கு 38 செ.மீ. வேகத்தில் ஓடியது. இக்குறுகிய பரப்பில் இசையைச் சிதையாமல் அடக்கும் நுட்பத்தைத் தமிழகச் சிறுநகரங்களில் கைவரப் பெற்றவர்கள் 'ரெக்கார்டிங் சென்டர்'காரர்கள். பீட்டர் மேனுவல் 1993இல் வெளியிட்ட 'கேசட் கல்ச்சர்' என்னும் நூலின் களம் வட இந்தியா. நம் பகுதியின் இக்கைத்தொழிலும் அத்தகைய ஆய்வுக்கு உரியது.

வாடிக்கையாளர் பாடல் பட்டியலையும் 60 அல்லது 90 நிமிட வெற்று நாடாவையும் தருவார். இசைத்தட்டுக்கு இசைத்தட்டு ஒலியளவு மாறும். பழைய தட்டுக்கு வைத்த அளவில் எண்பதுகளின் ஸ்டீரியோ தட்டைப் பதிந்தால் ஒலி உடையும். ஆகவே தேர்ந்தவர் பாடலின் உச்சப் பகுதியை முதலில் ஓடவிட்டு, அளவுமானியின் ஊசி சிவப்பின் விளிம்பில் நிற்குமாறு திருகைச் சரிசெய்வார். பிறகே பதிவைத் தொடங்குவார். ஊசி காட்டுவது சராசரியை மட்டுமே. தாளக்கருவியின் திடீர் அடியை அது எட்டிப்பிடிக்காது. அதற்கெனச் சற்று இடம் விடவேண்டும். மிகக் குறைத்தாலோ நாடாவின் இரைச்சல் மேலெழும். 1968இல் வந்த டால்பி பி முறை இரைச்சலைக் குறைத்தது. ஒலி உடைவதைத் தடுக்கவில்லை.

முதலில் சிதைவது எது? பதிவுச் சுற்று உயர் அதிர்வெண்களைக் கூட்டியே நாடாவுக்கு அனுப்புகிறது. மெதுவாக ஓடும் நாடா அப்பகுதியில்தான் விரைவில் செறிவடைகிறது. எனவே ஜாலராவும் பாடகரின் சகர, ஸகர ஒலிகளும் முதலில் மங்கும்.

மொழியியலாளர் கவனிக்கவேண்டிய இடம் இதுவே. வட்டவடைத் தமிழையோ அம்மலையில் வாழும் முதுவர் பேச்சையோ பழைய நாடாவிலிருந்து ஆராய்வதாகக் கொள்வோம். 'சோறு' என்பதன் முதலொலி தடையுரசொலியா, உரசொலியா என்பது வட்டாரத்தையும் சமூகத்தையும் காட்டும் கூறு. ஒலியளவு மிகுந்து பதிவான நாடாவில் ஐயத்துக்குள்ளாவது அக்கூறே. படியின் படி என்றால் இரைச்சலும் கூடும். கணினிக்கு மாற்றியபின் ஒலியைக் குறைத்தால், உடைந்த ஒலி மெல்லக் கேட்குமே தவிர சீராகாது.

செல்லரித்த இடத்தைச் சுவடிப் பதிப்பாசிரியர் புள்ளியிட்டுக் காட்டுவார். ஒலி ஆவணத்துக்கும் அவ்வொழுங்கு வேண்டும். பேசுநர், ஊர், நாள் ஆகியவற்றோடு நாடாவின் வகை, நீளம், டால்பி உண்டா, எத்தனையாவது படி என்பனவற்றையும் குறியுங்கள். ஒலி உடைந்த இடங்களை நிமிடக் கணக்கோடு தனியே பட்டியலிடுங்கள்; அவ்விடங்களில் சகரத்தைப் பற்றி முடிவு கூறாதீர்கள்.