ஒரு பாய், இரண்டு ஷிப்ட்

தளி வட்டாரத்திலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குச் செல்வோர் பலர். அங்கே அறை எடுத்துத் தங்குவோரிடையே ஒரு வழக்கமுண்டு. ஒருவர் பகல் ஷிப்டுக்குப் புறப்பட்டதும், இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் அதே பாயில் படுப்பார். வாடகை பாதியாகும். வார விடுமுறையன்றுதான் சங்கடம், இருவரும் அறையிலிருப்பர். மெய்நிகர் கணினிகளின் வரலாறும் இந்த விடுமுறை நாளைப் பற்றியதே என நமக்குத் தோன்றுவதுண்டு.

1973இல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 பெருங்கணினி நிறுவப்பட்டது. துளையட்டைக் காலம் அது. ஐ.பி.எம்.மின் வேலைக் கட்டளை மொழியில் டைம், ரீஜன், ஸ்பேஸ் என்று மூன்று சொற்கள் உண்டு. செயலியில் எத்தனை நிமிடம், நினைவகத்தில் எவ்வளவு இடம், வட்டில் எத்தனை தடம் என்பதைப் பயனரே முன்கூட்டிக் கணித்து அட்டையில் துளையிட வேண்டும். குறைத்துக் கேட்டால் வேலை நடுவில் அறுபடும், மீண்டும் வரிசை. கூட்டிக் கேட்டாலோ அவ்வளவு இடமும் ஒருசேரக் கிடைக்கும்வரை காத்திருப்பு. கேட்பவரே கணக்குச் சொன்ன அம்முறையில் ஒரு நேர்மை இருந்தது.

அதற்கு முன்பே, 1967இல், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் ஐ.பி.எம். அறிவியல் மையத்தார் சி.பி-40 என்ற அமைப்பை இயக்கிவிட்டனர். உண்மை நினைவகம் 256 கிலோபைட். அதன்மேல் 14 மெய்நிகர் கணினிகள். ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் இருப்பதாகத் தோற்றம். கூட்டினால் 3584! மெய்நிகர் என்றால் மெய்க்கு நிகர், மெய்யன்று. எனினும் முனையத்தின்முன் அமர்ந்தவர் பெரும்பொழுது யோசித்துக்கொண்டிருப்பார். அவ்வேளை அவருடைய நினைவகப் பக்கங்களை வட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தை மற்றவருக்குத் தரலாம்.

இந்தப் பொய்யை எதுவரை நீட்டலாம்? பீட்டர் டென்னிங் 1968இல் விடை தந்தார். ஒரு நிரல் கேட்ட அளவன்று, அண்மையில் உண்மையாகத் தொட்ட பக்கங்களின் அளவே கணக்கு. அவற்றின் கூட்டுத்தொகை உண்மை நினைவகத்தை மிஞ்சினால், கணினி பக்கங்களைச் சுமப்பதிலேயே பொழுதைக் கழிக்கும், வேலை நகராது.

370 வரிசைக்கு வி.எம்./370 அறிவிக்கப்பட்டது 1972 ஆகஸ்டில். 155 மாதிரியோ முகவரி மாற்றும் வன்பொருளின்றிப் பிறந்தது. வேண்டுவோர் தனியே விலை கொடுத்துச் சேர்க்க வேண்டும். பிறகு வெகுகாலம் இக்கலை பெருங்கணினிகளுக்குள்ளேயே கிடந்தது. 1998இல் தோன்றிய விஎம்வேர், 2001இல் அதைச் சாதாரண வழங்கிகளுக்குக் கொணர்ந்தது.

செயலியைப் பகிர்ந்த துணிச்சல் வட்டில் இடறியது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டு, சிதறிக் கிடக்கும் தரவுகளை நொடிக்குச் சுமார் 80 முறைதான் எட்டிப் படிக்கும். அது 100 ஜிகாபைட் வட்டானாலும் 1000 ஜிகாபைட் வட்டானாலும் பெரிய வேறுபாடில்லை. பத்து வழங்கிகளின் தரவை ஒரே வட்டில் அடக்கலாம். பத்தின் அவசரத்தை அடக்க இயலாது. காலையில் அனைத்தும் ஒருசேர உயிர்பெறும்போது இது தெரியும். கொள்முதல் பட்டியலில் ஜிகாபைட்டை மட்டும் எழுதுவோர் இன்றும் உளர். சுழலாத திண்ம வட்டுகள் வந்தபின் இந்நெருக்கடி பெரிதும் தணிந்தது.

செயலிக் கணக்கில் ஏமாற்றுவது சராசரி. ஷிப்ட் மாறும் கால்மணி நேரத்தில் வருகைப் பதிவுகள் குவியும். நாள் சராசரியில் அக்கால்மணி கரைந்துபோகும். ஆதலால் ஐந்து நிமிட இடைவெளியில், சம்பள நாளும் உட்பட ஒரு மாதமேனும் அளப்பது நன்று. பழுதுக்கும் இடம் விட வேண்டும். இரண்டே வழங்கிகள் உள்ள இடத்தில் ஒவ்வொன்றையும் பாதிக்குமேல் நிரப்பலாகாது. ஒன்று நின்றால் மற்றது இரண்டின் சுமையையும் ஏற்க வேண்டியிருக்கும்.