ஹோண்டா போட்ட பாட்டு ரோடு

கார் விளம்பரம் என்றால் நமக்கெல்லாம் மனப்பாடம். மலைப்பாதை, ஒரு வளைவு, மழையில் நனைந்த தார், பின்னணியில் கிடார். 2008-ல் ஹோண்டாக்காரர்கள் சிவிக் காருக்கு (2006-ல் நம்ம ஊருக்கும் வந்ததே, அதேதான்) வேறு மாதிரி யோசித்தார்கள். பின்னணி இசையே வேண்டாம், ரோடே வாசிக்கட்டும் என்று!

இடம், கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே, பாலைவன ஓரத்தில் உள்ள லான்காஸ்டர். அங்கே அவென்யூ கே என்ற சாலையில் கால் மைல் தூரத்துக்குக் குறுக்கே காடி வெட்டினார்கள். மணிக்கு 55 மைல் வேகத்தில் போனால் டயர் அதிர்ந்து, ரோசினியின் 'வில்லியம் டெல்' ஓவர்ச்சர் கேட்கும். 1829-ல் மேடையேறிய ஓபராவின் குதிரைப் பாய்ச்சல் இசை அது.

யோசனை புதிதில்லை. டென்மார்க்கில் இரண்டு கலைஞர்கள் 1995-லேயே இப்படி ஒரு சாலை போட்டார்கள். ஜப்பானில் ஷிசுவோ ஷினோடா என்பவர் புல்டோசர் தற்செயலாகக் கீறிய தடத்தின் மேல் வண்டி ஓட்டியபோது சத்தம் கேட்டு, அதிலிருந்து பாட்டு ரோடு செய்தார் என்பார்கள். அதை ஒரு காரை விற்கப் பயன்படுத்தியதுதான் ஹோண்டாவின் பங்கு.

கணக்கு எளிது. 55 மைல் என்றால் நொடிக்குச் சுமார் 24.6 மீட்டர். 5.6 செ.மீ.க்கு ஒரு காடி இருந்தால் நொடிக்கு 440 அதிர்வு. இடைவெளியைப் பாதியாக்கினால் மேல் ஸ்தாயி. ஆனால் ரோடு அபஸ்வரமாகப் பாடியது! டேவிட் சிம்மன்ஸ்-டஃபின் என்ற இயற்பியலாளர் காரணத்தை ஊகித்தார்: காடிகளுக்கு நடுவே உள்ள இடத்தை மட்டும் கணக்குப் போட்டு, காடியின் அகலத்தை விட்டிருக்கிறார்கள். உதாரணத்துக்கு, 4 அங்குலமும் 2 அங்குலமும் வரவேண்டிய இடத்தில் ஓர் அங்குலக் காடி சேர்ந்தால் 5-ம் 3-ம் ஆகிவிடும். 'ஸ'விலிருந்து மேல் 'ஸ'வுக்குப் போக வேண்டியது 'த'விலேயே நின்றுவிடும். பாட்டு வாத்தியார் கேட்டால் தொடையிலேயே தட்டுவார் :-)

சுருதியை விடுங்கள். காரில் போகிறவருக்கு அது கால் நிமிஷ ஆச்சரியம். பக்கத்தில் குடியிருப்பவருக்கு? போகிற ஒவ்வொரு வண்டிக்கும் அதே பாட்டு, ராத்திரியிலும். இதற்காகவே வேறு ஊர்களிலிருந்து வந்து ஓட்டிப் பார்த்தவர்களும் உண்டு. புனேயில் எங்கள் அடுக்ககத்தில் ஒரு கார் ரிவர்ஸ் எடுத்தால் வரும் சங்கீதத்துக்கே தொட்டில் குழந்தை எழுந்துவிடும், அந்தச் சங்கடம் நமக்குப் புரியும். செப்டம்பர் ஆரம்பத்தில் போட்ட ரோட்டை, குடியிருப்பவர்கள் கொடுத்த புகாரால் 23-ம் தேதி தார் ஊற்றி மூடினார்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை.

2018-ல் நெதர்லாந்தில் யெல்சும் என்ற கிராமத்துக்கு அருகே ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் கீதத்தைப் பாடும் ரோடு வந்தது. சொந்த ஊர்க் கீதம்தான், விளம்பரமும் இல்லை. தூக்கம் போச்சு என்று அவர்களும் சில நாளிலேயே எடுக்க வைத்துவிட்டார்கள்.

லான்காஸ்டரில் கதை முடியவில்லை. பாட்டு போனதே என்று வருந்தியவர்களும் இருந்தார்கள். அக்டோபரிலேயே ஊருக்குத் தள்ளி, அவென்யூ ஜி-யில் மறுபடி வெட்டினார்கள். அங்கும் அதே அபஸ்வரம். இந்தத் தடவை பக்கத்தில் வீடுகள் இல்லை.