சென்னைக்குப் போகாத பதிப்பகம்

கவிஞர் மீரா பிறந்தது சிவகங்கை, பாடம் நடத்தியது சிவகங்கை, புத்தகம் போட்டதும் சிவகங்கை. தமிழில் பதிப்புத் தொழில் என்றாலே சென்னைதான் என்றிருந்த காலத்தில், ஒரு கல்லூரித் தமிழாசிரியர் தம் ஊரில் இருந்தபடியே ‘அன்னம்’ என்ற பதிப்பகத்தை நடத்தினார். தமிழின் மிக நல்ல எழுத்தாளர்கள் சிலருடைய நூல்கள் அந்தச் சிற்றூரிலிருந்து வெளிவந்தன. எலவனாசூர்கோட்டை நூலக வாசகர்கள் வெளியிடும் இந்த விழா மலரில் ஒரு நிறுவனத்தின் வரலாறு வேண்டும் என்று கேட்டபோது எனக்கு முதலில் அன்னம்தான் நினைவுக்கு வந்தது.

நம் ஊரும் பெரிய நகரமன்று. உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில், திருக்கோவிலூர்ச் சாலை பிரிகிற இடம். தென்னாற்காடு, விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று மூன்று மாவட்டப் பெயர்களை முகவரியில் எழுதிவிட்டோம். இறையானரையூர் என்று இவ்வூரைக் குறிக்கும் சோழர் காலக் கல்வெட்டுகள் நம் சிவன் கோயிலில் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எழுத்தைக் கல்லில் வெட்டிவைத்த ஊர்க்காரர்கள் நாம். ஆனால் இன்று ஒருவர் கவிதை எழுதினாலும் ஊர் வரலாறு எழுதினாலும், கையெழுத்துப் படியைத் தூக்கிக்கொண்டு வெளியூர்ப் பேருந்துதான் ஏற வேண்டியிருக்கிறது. மீரா செய்தது என்ன என்பது நமக்கு முக்கியமாவது இதனால்தான்.

அவருடைய இயற்பெயர் மீ. இராசேந்திரன். தந்தை மீனாட்சிசுந்தரம் பெயரின் முதலெழுத்தையும் தம் பெயரின் தொடக்கத்தையும் சேர்த்து மீரா ஆனார். 1938 அக்டோபர் 10-இல் பிறந்தவர். மதுரை தியாகராசர் கல்லூரியில் தமிழ் படித்தார். அந்தக் கல்லூரி அப்போது கவிஞர்களின் நாற்றங்காலாக இருந்தது. அப்துல் ரகுமான், நா. காமராசன், அபி, இன்குலாப் என்று பின்னாளில் தமிழ்க் கவிதையின் போக்கை மாற்றியவர்கள் பலர் அங்கே படித்தவர்கள். படிப்பு முடித்த மீரா ஊர் திரும்பி, மன்னர் துரைசிங்கம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார்.

முதலில் மரபுக் கவிஞர். திராவிட இயக்கத்தின் தமிழ்ப்பற்றில் ஊறி, யாப்பில் முழங்கியவர். 1965-இல் வந்த அவருடைய முதல் தொகுப்பில் அந்தக் குரலைக் கேட்கலாம். 1971-இல் ‘கனவுகள் + கற்பனைகள் = காகிதங்கள்’ வந்தது. யாப்பில்லாமல், காதலன் காதலியிடம் நேரில் பேசுகிற நடையில் எழுதிய சின்னஞ்சிறு வசன கவிதைகள். எழுபதுகளில் கல்லூரியில் படித்தவர்களைக் கேட்டால் தெரியும், அந்த நூலை நோட்டுப் புத்தகத்தில் பார்த்து எழுதிக் கைமாற்றிக் கொண்ட காலம் அது. புதுக்கவிதை என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளித்தவர்கள்கூட அதைப் படித்தார்கள். 1974-இல் ‘ஊசிகள்’. பதவி, தேர்தல், ஊழல், மேடைப் பேச்சு எல்லாவற்றையும் நாலைந்து வரிகளில் குத்திவிட்டு நகரும் அங்கதக் கவிதைகள். கோவையில் 1971-இல் தொடங்கிய ‘வானம்பாடி’ இதழைச் சுற்றிச் சமூக அக்கறையுள்ள புதுக்கவிதை எழுந்த காலத்தில், தெற்கே அதே உணர்வின் குரல் மீராவுடையது.

இந்த இரண்டு நூல்களோடு அவர் நின்றிருந்தாலும் தமிழ்க் கவிதை வரலாற்றில் அவருக்கு இடம் இருந்திருக்கும். என் கணிப்பில், பதிப்பாளர் மீரா கவிஞர் மீராவைவிடப் பெரியவர். எழுபதுகளில் அவர் அன்னம் தொடங்கியதன் அருமையைப் புரிந்துகொள்ள, அதற்கு முன் நடந்ததைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சிவகங்கையைச் சுற்றிய செட்டிநாட்டுச் சீமை தமிழுக்குப் பெரிய பதிப்பாளர்களைத் தந்த மண். ஒன்றரை ரூபாய்க்குப் பாரதியார் கவிதைகளைத் தமிழர் வீடுகளுக்குக் கொண்டுபோன ‘சக்தி’ வை. கோவிந்தன், இராயவரத்துக்காரர். ‘தமிழ்ப்பண்ணை’ சின்ன அண்ணாமலையும் ‘முல்லை’ முத்தையாவும் தேவகோட்டைப் பக்கத்தவர்கள். மூவரும் பதிப்பகம் நடத்தியது சென்னையில். காகிதக் கடை, பிளாக் செய்பவர், பைண்டர், விற்பனையாளர், பத்திரிகை, நூலகத் துறை அலுவலகம் எல்லாம் அங்கே இருந்தால் வேறென்ன செய்வது? வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பாவும் 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியது திருவல்லிக்கேணியில்தான். எழுத்து பிரசுரத்தின் நூல்களைச் சுமந்துகொண்டு அவர் ஊர் ஊராய்க் கல்லூரிகளுக்குப் போய் விற்றார். ந. பிச்சமூர்த்தியின் ‘காட்டு வாத்து’ம், புதுக்கவிதையின் முதல் தொகுப்பான ‘புதுக்குரல்க’ளும் 1962-இல் அப்படி வந்தவை. சிறு பதிப்பகம் என்பது கைப்பணத்தை இழக்கத் துணிந்தவரின் காரியம் என்று செல்லப்பாவின் வாழ்க்கை காட்டியிருந்தது. அது தெரிந்தும் மீரா இறங்கினார். அதுவும் சென்னைக்குப் போகாமல்.

கணினியில் தட்டி மறுநாள் அச்சுக்கு அனுப்பும் இந்தத் தலைமுறைக்கு அந்த வேலையின் சுமையைச் சொல்லியாக வேண்டும். அச்சுக்கோப்பவர் ஒவ்வோர் ஈய எழுத்தாகப் பெட்டியிலிருந்து எடுத்து வரிவரியாய் அடுக்குவார். பக்கத்தைக் ‘காலி’ (galley) என்னும் தட்டில் ஏற்றி நூலால் கட்டி, மை தடவிப் புரூஃப் எடுப்பார்கள். அதைத் திருத்தித் தந்தபின் பக்கங்களைச் சேர்த்து ஃபாரமாக முடுக்கி எந்திரத்தில் ஏற்றுவார்கள். ஒரு ஃபாரம் அச்சானதும் எழுத்துகளைப் பிரித்து அந்தந்தக் குழியில் திரும்பப் போட வேண்டும்; அப்போதுதான் அடுத்த பக்கங்களுக்கு எழுத்து மிஞ்சும். அதனால் நூல் நன்றாக விற்று மறுபதிப்பு வேண்டும் என்றால் முதலெழுத்திலிருந்து மறுபடியும் கோக்க வேண்டியதுதான். எத்தனை பிரதி போடுவது என்பது ஒரே தடவை எடுக்கிற முடிவு. குறைத்துப் போட்டால் நூல் கிடைக்காமல் போகும், கூட்டிப் போட்டால் வீட்டு அறையில் கட்டுக்கட்டாய்த் தேங்கும்.

கவிதை நூல் என்றால் இன்னும் சிக்கல். ஒரு பக்கத்தில் எட்டு வரிதான் இருக்கும், ஆனால் காகிதம் முழுப் பக்கத்துக்கும் வேண்டும். வரிகளுக்கு நடுவே வெறுமையாய்த் தெரியும் இடத்தையும் அச்சுக்கோப்பவர் எழுத்தில்லாத ஈயத் துண்டுகளை வைத்து அடைத்தாக வேண்டும். இதற்கிடையே 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. துதிக்கை வைத்த லை, னை, ணை போன்ற பழைய வடிவங்கள் விலகின. அச்சகங்களின் எழுத்துப் பெட்டிகளும் அதற்கேற்ப மாற வேண்டியிருந்தது. அன்னத்தின் வளர்ச்சிக் காலம் இந்த மாற்றங்களின் நடுவே அமைந்தது. அன்னத்தோடு ‘அகரம்’ என்ற பெயரையும் அவர் நிலைநிறுத்தினார். அச்சும் பதிப்பும் ஒரே கூரையின்கீழ் இருந்தால்தான் சிற்றூரில் இந்தத் தொழில் நடக்கும் என்பது அவர் கண்ட வழி.

அவர் யார் யாரைப் பதிப்பித்தார் என்று பார்த்தால்தான் அந்த மனத்தின் அகலம் தெரியும். மீராவின் கவிதை உரத்த குரலுடையது, மேடையில் ஒரே கேட்பில் விளங்குவது. அவர் அச்சேற்றிய அபியின் ‘அந்தர நடை’யோ மௌனத்தின் விளிம்பில் நிற்கும் கவிதை, நிதானமாகப் பலமுறை படித்தால் மட்டுமே திறக்கும். ‘நவகவிதை’ வரிசையில் கல்யாண்ஜி, விக்ரமாதித்யன் போன்றவர்களைச் சிறு சிறு நூல்களாகக் கொண்டுவந்தார். இவர்களில் ஒருவரும் மீராவைப் போல எழுதுகிறவர் இல்லை. தமக்குப் பிடித்த கவிதையை மட்டும் போடுகிற கவிஞர்–பதிப்பாளர்கள் நமக்கு நிறைய உண்டு. தம் கவிதைக்கு எதிர்த்திசையில் நடப்பவரின் நூலைத் தம் கைக்காசில் போடுபவர் அரிது. ‘கவி’ என்றும் ‘அன்னம் விடு தூது’ என்றும் இதழ்களையும் நடத்தினார். நூல்களைப் பற்றிய பேச்சு தொடர்ந்து நடந்துகொண்டிருந்தால்தான் நூல்கள் வாசகரைத் தேடிப் போகும் என்று அவர் நம்பினார்.

அன்னத்தின் பெரிய பேறு கி. ராஜநாராயணன். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல் கிராமத்து விவசாயி, பேச்சுத் தமிழிலேயே கதை சொன்னவர். அவருடைய நூல்களை அன்னம் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்தது. சிறுவர்களுக்கான ‘பிஞ்சுகள்’, ஜூனியர் விகடனில் ஆதிமூலத்தின் கோட்டோவியங்களோடு தொடராக வந்த ‘கரிசல் காட்டுக் கடுதாசி’, 1991-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘கோபல்லபுரத்து மக்கள்’ எல்லாம் அன்னத்தின் முத்திரையோடு வாசகர் கைக்கு வந்தவை. கி.ரா. தொகுத்த ‘கரிசல் கதைகள்’ அந்த விருதுக்கு முன்பே வந்திருந்தது. ஒரு வட்டாரத்து மண்ணையும் மனிதரையும் எழுதுகிறவர்களை ஒரே நூலில் வரிசையாக நிறுத்திக் காட்டிய தொகுப்பு அது. வானம் பார்த்த பூமியின் பேச்சுமொழி கொச்சையல்ல, இலக்கியம் என்பதை வாசகர் ஒப்புக்கொள்ளச் செய்ததில் அந்த நூலுக்குப் பங்குண்டு.

சென்னைப் பதிப்பாளர் ஒருவருக்கு இடைசெவல் தொலைவான ஊர். சிவகங்கைக்காரருக்கு அது பக்கத்துச் சீமை. கதையில் வரும் சம்சாரியும் மழை பொய்த்த மானாவாரி நிலமும் புரூஃப் பார்க்கிறவருக்கே தெரிந்தவை. வட்டாரச் சொல்லைப் பார்த்ததும் பிழையென்று திருத்திவிடாத கண் அந்த நூல்களுக்குக் கிடைத்தது. கரிசல் எழுத்து அந்தக் காலத்தில் அவ்வளவு செழித்ததற்கு எழுதியவர்களின் ஆற்றல்தான் முதற்காரணம். ஆனால் அருகிலேயே ஒரு பதிப்பகம் இருந்ததையும் சேர்த்துச் சொல்லாமல் அந்த வரலாறு முழுமையாகாது.

பணம் எங்கிருந்து வந்தது? ஆசிரியர் சம்பளம் முதல் மூலதனம். பிறகு நூலக ஆணை. வீட்டுவரியோடு நாம் கட்டும் நூலக வரியில், 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின் வழியே, பொது நூலகங்களுக்கு நூல் வாங்குகிறார்கள். அந்த ஆணை கிடைத்தால் சிறு பதிப்பாளர் மூச்சு விடுவார்; கிடைக்கவில்லை என்றால், அல்லது பணம் வரத் தாமதமானால், காகிதக் கடைக் கடன் நிற்கும். நம் கிளை நூலகம் போன்ற இடங்களுக்குச் சிறு பதிப்பகங்களின் நூல்கள் வந்து சேர்ந்த முக்கிய வழியும் அதுவே. மற்றபடி மணியார்டர், வி.பி.பி. தபால், இலக்கியக் கூட்ட வாசலில் மேசை போட்டு விற்பது. மீராவுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. மூட்டா எனப்படும் கல்லூரி ஆசிரியர் சங்கத்தில் முன்னே நின்று போராடியவர்; அதனால் வேலையை இழந்து தவித்த காலமும் உண்டு. அப்படிப்பட்டவர் மற்றவர்களுடைய கவிதைக்குக் காகிதம் வாங்கினார் என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்மேல் மதிப்பு இன்னும் கூடுகிறது.

பதிப்பாளராக உழைத்த ஆண்டுகளில் அவருடைய சொந்தக் கவிதை குறைந்துபோனது. அதை இழப்பு என்று வருந்துகிற நண்பர்கள் உண்டு. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஐக்கூ வடிவில் எழுதிய ‘குக்கூ’ அவருடைய கடைசி ஆண்டான 2002-இல் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1-இல் மீரா காலமானார். அன்னமும் அகரமும் அவர் குடும்பத்தார் பொறுப்பில் தஞ்சாவூரிலிருந்து தொடர்ந்தன. கி.ரா.வின் நூல்கள் அங்கிருந்து பதிப்பு மேல் பதிப்பாக வந்திருக்கின்றன.

இனி நம் பக்கம். நடுநாடு எழுத்தாளர்களுக்குக் குறைவில்லாத நிலம். பழமலயின் ‘சனங்களின் கதை’ 1988-இல் நம் வட்டாரத்து மனிதர்களை அவர்கள் பேச்சோடும் பெயரோடும் கவிதைக்குள் கொண்டுவந்தது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994-இல் வந்தது. கி.ரா. கரிசல் சொற்களைத் திரட்டி 1982-இல் அகராதி செய்தார் என்றால், விருத்தாசலம் பக்கத்துக் கண்மணி குணசேகரன் 2007-இல் ‘நடுநாட்டுச் சொல்லகராதி’யைத் தந்தார். நம் பாட்டிமார் பேசிய சொற்கள் அதில் அச்சாகி நிற்கின்றன. ஆனால் இமையத்தின் நாவலைப் போட்ட க்ரியாவும், அகராதியைப் போட்ட தமிழினியும் சென்னைப் பதிப்பகங்கள். இரண்டும் அக்கறையோடு செய்த பதிப்பகங்கள். நன்றி சொல்ல வேண்டும். எழுதுகிறவர்கள் நம் பக்கத்தில் தோன்றிவிட்டார்கள், ஒரு மீரா தோன்றவில்லை.

மேற்கே கல்வராயன் மலைக்காரர்களின் பாட்டுகள், சாமை தினை விதைப்பிலிருந்து அறுப்பு வரை அவர்கள் சொல்லும் சொற்கள், நம் சந்தைப் பேச்சு, கூத்துக்காரர்கள் வாய்மொழியாக வைத்திருக்கும் பாடங்கள், கோயில் கல்வெட்டுகளை ஊர்க்காரர் படிக்கும்படி எளிதாக எழுதிய ஒரு நூல் என்று அச்சேற வேண்டியவை நம்மிடம் ஏராளம். மீராவின் காலத்தில் ஒரு நூலுக்கு ஆயிரம் பிரதியாவது போட்டால்தான் கட்டுப்படியாகும். இப்போது டிஜிட்டல் அச்சில் ஐம்பதும் போடலாம், நூறும் போடலாம். விற்றபின் மறுபடி போடலாம், யாரும் முதலெழுத்திலிருந்து கோக்க வேண்டியதில்லை. விழா மலருக்காகக் கூடிய இந்தக் குழுவில் தட்டச்சு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், பிழை திருத்தக்கூடிய தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள். மலர் வேலை முடிந்ததும் கலைந்துவிடாமல், ஆண்டுக்கு ஒரு நூல் என்று நம் வட்டாரத்திலிருந்து கொண்டுவரலாம். முதல் நூலாக மலைப் பாட்டுகளை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் விருப்பம். பாடத் தெரிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே பதிவு செய்ய வேண்டியவை அவை.