புட்டியில் ஒட்டிய சீட்டு

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நல்ல முடிவுள்ள சம்பவம் ஒன்று காதில் விழுந்துவிட்டால், அது நடந்ததா இல்லையா என்று விசாரிக்க அவனுக்கு மனம் வராது. சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்லூரி விழாவில் நானும் அப்படி ஒரு கதையைச் சொன்னேன். அமெரிக்காவில் சார்லஸ் ட்ரூ என்று ஒரு கறுப்பின டாக்டர் இருந்தார். ரத்தத்தைச் சேமித்து வைக்கும் முறையைச் சீர்படுத்தியவர். அவரே மோட்டார் விபத்தில் அடிபட்டுக் கிடந்தபோது, வெள்ளைக்காரர்களின் ஆஸ்பத்திரி கதவைச் சாத்திவிட்டது. ரத்தம் கிடைக்காமலே அவர் உயிர் போயிற்று. இதுதான் கதை. மண்டபம் நிசப்தமாயிற்று. முன்வரிசையில் ஓர் அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பரம திருப்தி.

கூட்டம் கலைந்ததும் வயதான டாக்டர் ஒருவர் என்னிடம் வந்தார். "ரொம்ப நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் அப்படி நடக்கவில்லையே, ஸார்!" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அதன் பிறகுதான் புத்தகங்களைப் புரட்டினேன்.

ரத்தம் பாலைப் போன்றது. வெளியே எடுத்தால் கெட்டுப்போகும். உறையாமல் இருக்க சோடியம் சிட்ரேட் என்ற உப்பைச் சேர்க்கலாம் என்று 1914-ஆம் ஆண்டில் கண்டார்கள். அப்படிச் சேர்த்துக் குளிரில் வைத்தாலும், அந்த நாட்களில் அது அதிக காலம் தாங்கவில்லை. பாலைக் கடைந்து வெண்ணெய் எடுத்து நெய்யாய் உருக்கி வைத்தால் மாதக் கணக்கில் இருக்கிறதல்லவா? ரத்தத்துக்கும் அப்படி ஒரு வழி உண்டு. சிவப்பு அணுக்களைப் பிரித்துவிட்டால் மிஞ்சுவது மஞ்சள் நிறத் திரவம். அதன் பெயர் பிளாஸ்மா. ரத்தத்தில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்கு அதுதான். காயம்பட்டு ரத்தம் இழந்தவன் பல சமயம் அதிர்ச்சியில் மாய்கிறான். ரத்தக் குழாய்கள் வற்றி, இதயம் வெறும் துருத்தியாய் அடித்துக்கொள்கிறது. பிளாஸ்மா அந்தக் குழாய்களை நிரப்பி, அவனைக் கொஞ்ச நேரம் தாங்கி நிற்கும். பலருடைய பிளாஸ்மாவை ஒன்றாய்க் கலந்துவிட்டால், ஒருவர் பிரிவு மற்றவருக்கு ஒத்துக்கொள்ளாது என்ற தொல்லையும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இதைக் கண்டுபிடித்தவர் ட்ரூ அல்லர். பலர் தனித்தனியே ஆராய்ந்ததைத் திரட்டி, சோதித்து, ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் அவர். சேமித்த ரத்தத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1940-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் தந்தது. அதே ஆண்டு ஜெர்மன் விமானங்கள் லண்டன்மீது குண்டு பொழிந்தன. பிரிட்டனுக்குப் பிளாஸ்மா அனுப்ப நியூயார்க்கில் ஏற்பாடாயிற்று. மேற்பார்வைக்கு ட்ரூவை அழைத்தார்கள். ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு விதமாய்ச் செய்துகொண்டிருந்த வேலைக்கு அவர் ஒரே முறையை வகுத்தார். கிருமி புகுந்த புட்டி கப்பலேறாதபடி பரிசோதனைகளைக் கடுமையாக்கினார். 1941 ஜனவரிக்குள் ஏறத்தாழ 14,500 பேர் ரத்தம் கொடுத்தார்கள். 5,000 லிட்டருக்கு மேற்பட்ட பிளாஸ்மாக் கரைசல் கடல் கடந்தது.

அடுத்து அமெரிக்காவே யுத்தத்துக்கு ஆயத்தமாயிற்று. பிளாஸ்மாவை வற்றல்போல் உலர்த்தி, பக்கத்தில் ஒரு புட்டி சுத்தமான நீரையும் வைத்துப் போர்முனைக்கு அனுப்பினார்கள். வேண்டியபோது கரைத்து ஏற்றிக்கொள்ளலாம். அந்தப் பணியின் தொடக்கத்திலும் ட்ரூ இருந்தார். ஆனால் 1941 நவம்பரில் செஞ்சிலுவைச் சங்கம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கறுப்பர்களின் ரத்தம் வேண்டாமாம்! எதிர்ப்புக் கிளம்பியதும், 1942 ஜனவரியில், "வாங்கிக்கொள்கிறோம், ஆனால் தனியாக வைப்போம்" என்று மாற்றிக்கொண்டார்கள். கறுப்பர் ரத்தம் என்று புட்டியில் சீட்டு ஒட்டினார்கள்.

இதைக் கண்டித்து ட்ரூ ராஜினாமாச் செய்தார் என்றும் ஒரு கதை உலவுகிறது. உண்மையில் அதற்குச் சில மாதங்கள் முன்பே அவர் வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு அறுவை சிகிச்சை கற்பிக்கத் திரும்பிவிட்டார். ஆனால் இந்தப் பாகுபாட்டுக்கு விஞ்ஞான ஆதாரம் எதுவும் இல்லை என்று அவர் வெளிப்படையாகவே சொல்லிவந்தார். 1901-இல் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் வியன்னாவில் கண்டறிந்த ரத்தப் பிரிவுகள் தோலின் நிறம் பார்த்து அமைவதில்லை. வெள்ளையனுக்கு அவன் சொந்தச் சகோதரனின் ரத்தம் சேராமற்போகலாம். முன்பின் அறியாத கறுப்பனின் ரத்தம் சேரலாம்.

இனி அவருடைய மரணம். 1950 ஏப்ரல் முதல் தேதி. டஸ்கீகியில் நடக்கும் இலவச மருத்துவ முகாமுக்கு மற்ற டாக்டர்களுடன் இரவெல்லாம் பயணம். வட கரோலினாவில் விடியற்காலையில் கார் ஓட்டிக்கொண்டிருந்த ட்ரூ கண்ணயர்ந்துவிட்டார். வண்டி கவிழ்ந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். வெள்ளைக்கார டாக்டர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். காயம் பிழைக்கக்கூடியதாக இல்லை. உடன் சென்ற கறுப்பின டாக்டர்களில் ஒருவரே இதற்குச் சாட்சி சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் நான் சொன்ன கதை முழுப் பொய்யா? இங்கேதான் என் மனம் தடுக்கி நின்றது. அதே 1950, டிசம்பர் மாதம். அதே வட்டாரத்தில் இன்னொரு மோட்டார் விபத்து. உலக யுத்தத்தில் சேவை செய்து திரும்பிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு கறுப்பின இளைஞன் தலையில் அடிபட்டான். முதலில் எடுத்துச் சென்ற இடத்தில் அவனைக் கவனித்தார்கள். மேல் சிகிச்சைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய படுக்கைகள் நிரம்பிவிட்டன என்று திருப்பி அனுப்பினார்கள். வேறோர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் அவன் இறந்தான். ஊரார் நாவில் இரண்டு விபத்துகளும் ஒன்றாய்க் கலந்திருக்க வேண்டும். நடந்தது இளைஞனுக்கு, பெயர் மட்டும் டாக்டருடையது.

அந்த 1950-இல்தான் செஞ்சிலுவைச் சங்கம் இனச் சீட்டைக் கைவிட்டது. ஆனால் பார்க்கவேண்டிய ஆபத்து வேறிடத்தில் இருந்தது. பலருடைய பிளாஸ்மாவைக் கலந்ததில், ஒருவரிடமிருந்த மஞ்சட்காமாலைக் கிருமி அனைவருக்குமான புட்டியில் சேர்ந்து, வீரர்கள் பலருக்குத் தொற்றியது. 1980-களில் ரத்தம் உறையாத நோய் உள்ளவர்களுக்குத் தந்த மருந்தின் வழியாக எய்ட்ஸ் கிருமியும் பரவி ஆயிரக்கணக்கானவர்களை வாட்டியது. அந்த மருந்தும் பலருடைய பிளாஸ்மாவைக் கலந்து எடுத்ததுதான். கிருமிக்குத் தோலின் நிறம் தெரியாது. இன்று ஒருவர் தரும் ரத்தத்தைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரித்து மூன்று நோயாளிகளுக்குக்கூடத் தருகிறார்கள். பையின்மேல் இப்போதும் சீட்டு உண்டு; பிரிவு, தேதி, நோய்ப் பரிசோதனை எல்லாம் அதில் இருக்கும்.

இப்போதும் எங்காவது பேச அழைத்தால் ட்ரூவின் கதையைச் சொல்கிறேன். கூடவே அந்த இளைஞனின் கதையையும் சொல்கிறேன். முன்போல் முடிவு அவ்வளவு கச்சிதமாக அமைவதில்லை. பெயர் தெரியாத ஒருவனுக்காகக் கண் கலங்கச் செய்வது கதாசிரியனுக்குக் கஷ்டமான வேலைதான். ஆனால் அவனுக்குச் சேரவேண்டிய கண்ணீரை இத்தனை நாள் வேறொருவர் பெயரில் நானும் வாங்கிக்கொண்டிருந்தேனே!