எண் 88: ஜான் மேக்கியின் ஆட்டமும் வழக்கும்

அமெரிக்கத் தொழிலாளர் சட்டம் பயில்வோர் 'மேக்கி எதிர் தேசியக் கால்பந்து லீக்' என்னும் வழக்கைக் கடந்தே செல்ல வேண்டும். அவ்வழக்குக்குப் பெயர் தந்தவர் ஒரு விளையாட்டு வீரர் என்பதை அறிவோர் பலர். அவர் களத்தில் எந்த இடத்தில் நின்று ஆடினார் என்பதைப் பொருட்படுத்துவோர் சிலர். ஆனால் அந்த இடத்தை விட்டுவிட்டு அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இயலாது.

அமெரிக்கக் கால்பந்தில், பந்தை வைத்திருக்கும் அணியின் முன்வரிசைக் கடைக்கோடியில், தடுப்பாளருக்கு நெருங்கி நிற்பவர் 'டைட் எண்ட்'. 'டைட்' என்பது இங்கே இறுக்கத்தைக் குறிக்கவில்லை, அண்மையைக் குறிக்கிறது. வரிசையை விட்டு விலகி நிற்கும் பந்து பிடிப்பாளருக்கு எதிரான நிலை அது. ஓர் ஆட்டத்தில் அவர் எதிரியை மோதித் தடுப்பார். அடுத்த ஆட்டத்தில் ஓடிச் சென்று பந்தைப் பிடிப்பார். இரு வேலைகளுக்கும் உரியவர் ஆகையால் இருவகை அடிகளும் அவருக்கு உண்டு.

1941இல் நியூயார்க்கில் பிறந்த ஜான் மேக்கி சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் பயின்றார். ஹைஸ்மன் விருது பெற்ற முதல் கறுப்பின வீரரான எர்னி டேவிஸ் அங்கே அவருடைய அறைத்தோழர். டேவிஸ் 1963 மே மாதத்தில் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டில் மேக்கி பால்டிமோர் கோல்ட்ஸ் அணியில் சேர்ந்தார். 6 அடி 2 அங்குல உயரமும் 224 பவுண்டு எடையும் கொண்ட அவர், அந்த உடலுக்குப் பொருந்தாத வேகத்தில் ஓடினார். அதுவரை டைட் எண்டுக்கு எறியப்பட்ட பந்து பெரும்பாலும் சில கெஜங்களுக்கானது. மேக்கி 1966இல் எடுத்த ஒன்பது டச்டவுன்களில் ஆறு, 50 கெஜத்துக்கும் மேற்பட்ட தொலைவிலிருந்து வந்தவை. 1969இல் லீக்கின் ஐம்பதாண்டு நிறைவுக்கான சிறந்த அணியில் டைட் எண்டாக அவரே தேர்வு பெற்றார்.

1971 ஜனவரியில் நடந்த ஐந்தாம் சூப்பர் பௌல் ஆட்டத்தில் ஜானி யுனைட்டஸ் எறிந்த பந்து மேக்கிக்கு உரியதன்று. அது எடி ஹிண்டனின் கையில் பட்டு எகிறி மேக்கியிடம் வந்தது; அவர் ஓடி முடித்தபோது 75 கெஜ டச்டவுன். தாக்கும் அணியின் இருவர் அடுத்தடுத்துப் பந்தைத் தொடக்கூடாது என்பது அன்றைய விதி. இடையில் டாலஸ் அணியின் மெல் ரென்ஃப்ரோவின் விரல் பட்டது என்று நடுவர்கள் தீர்மானித்தனர், ரென்ஃப்ரோ மறுத்தார். கோல்ட்ஸ் 16-13 என்று வென்றது. அந்த விதி 1978இல் நீக்கப்பட்டது.

இதற்குள் மேக்கியின் மற்றொரு பணி தொடங்கியிருந்தது. 1970இல் இரு லீக்குகளும் இணைந்தபோது, இணைந்த வீரர் சங்கத்தின் முதல் தலைவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டே ஓய்வூதியம் முதலியவற்றுக்காகக் குறுகிய வேலைநிறுத்தத்தை நடத்தினார். ஆணையர் பீட் ரோஸலின் பெயரால் வழங்கிய விதியே அவருடைய முதன்மை இலக்கு. ஒப்பந்தம் முடிந்த வீரர் வேறு அணிக்குச் செல்லலாம். ஆனால் புதிய அணி பழைய அணிக்கு ஈடு தர வேண்டும். இரு அணிகளும் உடன்படாவிடில் ஈட்டை ஆணையரே முடிவு செய்வார். எவ்வளவு என்று முன்கூட்டித் தெரியாத கடனை ஏற்க எந்த அணி முன்வரும்? விதி தடை என்று சொல்லவில்லை, தடையாக இயங்கியது.

1972இல் மேக்கியும் வேறு சில வீரர்களும் வழக்குத் தொடுத்தனர். சான் டியேகோ அணியில் அதுவே அவருடைய கடைசிப் பருவம். அவருடைய கணக்கு 331 பிடிப்புகள், 5,236 கெஜங்கள், 38 டச்டவுன்கள் என நின்றது. 1976இல் எட்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், ரோஸல் விதி போட்டித்தடைச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. தொழிற்சங்கத்துடன் மெய்யாகப் பேரம் பேசி எட்டப்பட்ட விதியாயின் அது சட்டத்திலிருந்து விலக்குப் பெறலாம். இவ்விதியோ அவ்வாறு உருவானதன்று என்பது தீர்ப்பின் உயிர்ப்பகுதி. வென்றதைச் சங்கமே 1977 ஒப்பந்தத்தில் பெருமளவு விட்டுக்கொடுத்தது. வீரர்களுக்கு உண்மையான இடப்பெயர்வு உரிமை 1993இல்தான் வந்தது. அப்போது மேக்கி ஆடுகளத்தை விட்டு இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

புகழ்மண்டபமும் தாமதித்தது. தகுதிக்காலத்தின் பதினைந்தாவதும் இறுதியுமான ஆண்டில், 1992இல், அவர் சேர்க்கப்பட்டார். சங்கப் பணியே காரணம் என்று பலர் கருதினர். வாக்களித்தோரின் மனத்தை நிறுவ ஆவணம் ஏது? புகழ்மண்டப மோதிரத்தை இண்டியானாபோலிஸில் பெற அவர் மறுத்தார். கோல்ட்ஸ் அணி 1984இல் அந்நகரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அவர் ஆடியது பால்டிமோரில். மோதிரத்தையும் அங்கேயே பெற்றார்.

பின்னாளில், மூளையின் நெற்றி, பொட்டுப் பகுதிகளைத் தாக்கும் டிமென்ஷியா அவரைப் பற்றியது. விமான நிலையச் சோதனையில் மோதிரங்களைக் கழற்றச் சொன்னபோது அவர் இணங்காமல் சோதனைப் பகுதியைத் தாண்டி ஓடினார். மனைவி சில்வியா மருத்துவக் காப்பீட்டுக்காக மீண்டும் விமானப் பணிப்பெண் வேலைக்குச் சென்றார். கணவரின் நிலையை விவரித்து ஆணையர் பால் டாக்லியாபுவுக்குக் கடிதம் எழுதினார். லீக்கும் வீரர் சங்கமும் சேர்ந்து டிமென்ஷியா கண்ட முன்னாள் வீரர்களுக்கான உதவித் திட்டத்தை 2007இல் தொடங்கின. காப்பகத்தில் இருப்போருக்கு ஆண்டுக்கு 88,000 டாலர் வரை தரப்பட்டது. மேக்கியின் சட்டை எண் 88. திட்டத்தின் பெயரும் அதுவே. நோய் ஆட்டத்தால் வந்ததா என்று திட்டம் கேட்கவில்லை. ஆட்டத்தால் வந்ததென்று ஒப்புக்கொள்ளவும் இல்லை. அந்த மௌனத்தின் மேல்தான் உதவி கட்டப்பட்டிருந்தது. ரோஸல் விதியைச் சொல்லுக்குச் சொல் பிரித்து ஆராய வைத்தவரின் பெயரால் இப்படியொரு ஏற்பாடு அமைந்தது.

மேக்கி 2011 ஜூலை 6 அன்று பால்டிமோரில் 69ஆம் வயதில் இறந்தார். குடும்பத்தார் அவருடைய மூளையை ஆய்வுக்குத் தந்தனர். தொடர்ச்சியான தலையடிகளால் உண்டாகும் மூளைச் சிதைவு அதில் கண்டறியப்பட்டது.