பிடியும் பிரமாணமும்: நிக்கல் முலாமிட்ட அமெரிக்கக் கைத்துப்பாக்கிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்றாய்வுக்கு எழுத்துச் சான்றுகள் மட்டுமே போதும் என்று கருதப்பட்ட காலம் கழிந்துவிட்டது. மட்கலம், நாணயம், நெசவுத்தறி, உழுபடை முதலிய புழங்குபொருள்களும் இன்று சான்றுகளாக மதிக்கப்படுகின்றன. எனினும், ஏட்டுச் சுவடியிலே மூலபாடத்தையும் இடைச்செருகலையும் வேறுபடுத்திக் காண்பதில் நாம் காட்டும் எச்சரிக்கையைப் பொருள்களை ஆராயுமிடத்துப் போதியளவு காட்டுவதில்லை. சுவடியிற் செய்யுள் செருகப்படுவது போலவே பொருளிலும் உறுப்புகள் செருகப்படுகின்றன. இவ்வுண்மையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் உற்பத்தியான நிக்கல் முலாமிட்ட கைத்துப்பாக்கிகளைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சேகரிப்போர் பெரிதும் விரும்பும் இத்துப்பாக்கிகளிலே மிக எளிதாகக் கழற்றி மாற்றத்தக்க உறுப்பு கைப்பிடியே. ஆதலின் எந்தப் பிடி பொருத்தமானது என்னும் வினா அழகு பற்றிய வினாவாகத் தோன்றினும், உண்மையில் அது சான்று பற்றிய வினாவேயாகும்.

முலாமின் வருகை

நிக்கல் முலாமிடுதலைப் பெருந்தொழிலாக வளர்த்தவர்களுள் பொஸ்ரன் நகரைச் சேர்ந்த ஐசாக் அடம்ஸ் (இளையவர்) குறிப்பிடத்தக்கவர். மின்பகுப்பு முறையால் நிக்கல் படியச் செய்வதற்கான ஆக்கவுரிமையை அவர் 1869ஆம் ஆண்டிற் பெற்றார். அடுத்த பத்தாண்டுகளுள் இம்முறை துப்பாக்கித் தொழிலில் வேரூன்றிவிட்டது. மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்ட் நகரிலிருந்த சிமித் - வெசன் நிறுவனமும், கொனெக்ரிக்கட் மாநிலத்தின் ஹாட்போட் நகரிலிருந்த கோல்ற் நிறுவனமும் நிக்கல் முலாமிட்ட சுழல் துப்பாக்கிகளை விற்றன. அக்காலத்துக் கரிமருந்து எரிந்தபின் எஞ்சும் கசடு உருக்கை விரைவில் அரிக்கும். உடலோடு ஒட்டி வைத்திருக்கும் துப்பாக்கியை வியர்வையும் தாக்கும். நீலமேற்றிய உருக்கைவிட நிக்கல் பூசிய உருக்கு இவற்றை நன்கு தாங்கியது. இவ்வாறு பயன்பாடு கருதித் தோன்றிய முலாம், பளபளப்பின் காரணமாக நாளடைவில் கவர்ச்சிப் பொருளாகவும் கருதப்படலாயிற்று.

பிடிகளின் சமூக வரலாறு

நிக்கல் முலாமிட்ட துப்பாக்கி என்றவுடன் இன்று பலர் மனத்தில் தோன்றுவது தந்தப்பிடியோ முத்துச்சிப்பிப் பிடியோ ஆகும். இத்தோற்றத்தை உருவாக்கியதில் திரைப்படங்களுக்குப் பெரும் பங்குண்டு. அக்காலச் சந்தையை நோக்கினால் நிலைமை வேறாக இருப்பதைக் காணலாம்.

கோல்ற் நிறுவனம் 1873இல் வெளியிட்ட தனிச்செயற் படைத்துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் அதற்கு வால்நட் மரப்பிடியே வழக்கமாக இருந்தது. இரு மரப்பகுதிகளை நடுவே ஒரு துண்டுடன் ஒட்டி ஒரே பிடியாக அமைத்தனர். 1882ஆம் ஆண்டளவில், பொதுச் சந்தைக்குச் சென்ற துப்பாக்கிகளுக்கு வன் இறப்பரால் வார்த்த இரு தகடுகள் வழமையான பிடியாயின. அவற்றிலே கழுகும் கேடயமும், நிறுவனத்தின் இலச்சினையாகிய பாயுங் குதிரையும் புடைப்பாக அமைந்திருந்தன. 1890களின் நடுப்பகுதிக்குப் பின் கழுகு மறைந்து குதிரை மட்டும் எஞ்சியது. ஆகவே, தகட்டிலுள்ள உருவமே காலத்தைக் கணிப்பதற்கு ஓரளவு துணைசெய்கின்றது.

வன் இறப்பர் என்பது கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்து வெப்பமூட்டிக் கடினமாக்கிய இறப்பராகும். நெல்சன் குட்இயர் இதற்கான ஆக்கவுரிமையை 1851இற் பெற்றார். மரத்தைச் செதுக்குவதற்குத் தேர்ந்த கைவினைஞன் தேவை. வன் இறப்பரையோ அச்சில் இட்டு ஒரே வகையான தகடுகளைத் தொகைதொகையாக வார்க்கலாம். மசச்சூசெற்சிலிருந்த ஐவர் ஜோன்சன், ஹரிங்ரன் - றிச்சட்சன் ஆகிய நிறுவனங்கள் மலிவு விலைச் சட்டைப்பைத் துப்பாக்கிகளைப் பெருமளவில் விற்றபோது, நிக்கல் முலாமும் கரிய வன் இறப்பர்ப் பிடியும் இணைந்த தோற்றமே அவற்றுக்கு உரியதாயிற்று. சிறுகடைக்காரரும் கூலித் தொழிலாளரும் வாங்கக்கூடிய பொருள் அது. கைவினை உற்பத்தி இயந்திர உற்பத்திக்கு இடங்கொடுத்த வரலாறு அக்கரிய தகட்டிலே பதிந்துள்ளது எனலாம்.

தந்தமும் சிப்பியும் மேலதிக விலை கொடுத்துப் பெறப்பட்டவை. சில தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டன. வேறு சில, நியூயோர்க்கின் ஹாட்லி - கிரஹாம் போன்ற பெருவணிகர் வழியாகச் சித்திர வேலைப்பாட்டுடன் வாங்குவோரைச் சென்றடைந்தன. தளபதி ஜோர்ஜ் பற்றன் 1916இல் எல் பாசோ நகரில் வாங்கிய கோல்ற் துப்பாக்கி இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அதன் பிடி தந்தத்தாலானது. செய்தியாளர் பலர் அதனைச் சிப்பிப் பிடியென எழுதினர். அதன் முலாம் வெள்ளி; அதனையும் நிக்கலெனக் கொள்வாருளர். இத்துணைப் பெயர்பெற்ற துப்பாக்கியின் பொருள்களையே பிழைபடக் கூறுவாராயின், பெயரறியாத துப்பாக்கிகளின் நிலை சொல்லவேண்டுவதில்லை.

மூலப்பொருள்களும் நமது நாடும்

இப்பிடிகளின் மூலப்பொருள்கள் நமது நாட்டையும் நினைவூட்டுகின்றன. எனினும் தொடர்பை அளவறிந்து கூறல் வேண்டும். ஹென்றி விக்ஹம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த இறப்பர் விதைகள் 1876இல் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவ்வாண்டிலேயே கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. ஆயின் இலங்கையின் இறப்பர் உலகச் சந்தையில் இடம்பெற்றது இருபதாம் நூற்றாண்டிலேயே. ஆகவே 1880களில் வார்த்த பிடிகளுக்கு அமேசன் காடுகளின் இறப்பர் போன்ற காட்டு இறப்பரே பயன்பட்டிருத்தல் வேண்டும். மன்னார்க் கடலின் முத்துச்சிப்பி முத்துக்குப் பெயர்பெற்றது. அதன் ஓடோ சிறியது, மெல்லியது. பிடித்தகட்டுக்குத் தடித்த பெரிய ஓடு வேண்டும். அத்தகைய ஓடு ரொறஸ் நீரிணை முதலிய ஆஸ்திரேலியக் கடற்பகுதிகளிற் பெருமளவில் எடுக்கப்பட்டது.

மூலபாடத்தைக் காணும் வழிகள்

ஒரு துப்பாக்கியின் பிடி அதற்கு உரியதுதானா எனத் துணிவதற்குப் பின்வரும் சான்றுகளை ஒருங்கே நோக்கல் வேண்டும்.

முதலாவது, நிறுவன ஏடு. கோல்ற், சிமித் - வெசன் நிறுவனங்களின் பழைய அனுப்பற் பதிவேடுகள் பெரும்பகுதி பேணப்பட்டுள்ளன. தொடரிலக்கத்தைக் கொண்டு, அத்துப்பாக்கி எந்நாளில் எவருக்கு அனுப்பப்பட்டது, அதன் முலாம் யாது, பிடி யாது என்பனவற்றை அறியலாம். எல்லாப் பதிவுகளிலும் பிடி குறிக்கப்படவில்லை என்பதையும் மறத்தலாகாது.

இரண்டாவது, உட்புறக் குறி. கோல்ற் மரப்பிடிகளின் உட்பள்ளத்தில் தொடரிலக்கம் மையாலோ கரிக்கோலாலோ எழுதப்பட்டிருப்பதுண்டு. வன் இறப்பர்த் தகடுகளின் உட்புறத்தில் அது கீறப்பட்டிருக்கும். துப்பாக்கிச் சட்டத்திலுள்ள இலக்கத்துடன் இது ஒத்திருப்பின் ஐயம் பெரிதும் நீங்கும்.

மூன்றாவது, பொருத்தம். தொழிற்சாலையில் மரத்தையும் உலோகத்தையும் சேர்த்தே இழைத்தனர். எனவே இரண்டின் விளிம்புகளும் ஒன்றியிருக்கும். காலப்போக்கில் மரமும் தந்தமும் சற்றே சுருங்கும். ஆனால் விளிம்பு வெளியே துருத்தி நிற்பதும், முலாம் தேய்ந்த துப்பாக்கியிற் பிடி மட்டும் தேயாதிருப்பதும் பிற்காலச் சேர்க்கையைக் காட்டும்.

நான்காவது, பொருளின் இயல்பு. யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் நுண்கோடுகள் தோன்றும். பிடியின் அடிப்புறத்தில் இவற்றைத் தேடலாம். எலும்பிலே கரிய நுண்துளைகள் காணப்படும். தந்தம் போலத் தோன்றச் செய்த செலுலொயிட்டில் கோடுகள் மிக ஒழுங்காக ஓடும். சூடேற்றிய ஊசியால் குத்திப் பார்க்கும் வழக்கம் தவிர்க்கப்படல் வேண்டும். செலுலொயிட் எளிதில் தீப்பற்றுவது; தந்தமாயின் வடு நிலைத்துவிடும். மேலும், சிதையும் செலுலொயிட் வெளிவிடும் அமில ஆவி அருகிலுள்ள உலோகத்தை அரிக்கும். வன் இறப்பர் ஒளிபட்டுப் பழுப்பு நிறமடைவது இயல்பு. அதனைக் கறுப்பு மையால் மறைத்தல் முதுமைக்குரிய சான்றை அழிப்பதாகும்.

முலாமே இடைச்செருகலாதல்

சில வேளைகளிற் பிடி மூலமாகவும் முலாம் இடைச்செருகலாகவும் அமைந்துவிடும். அமெரிக்க அரசு 1873 முதல் 1891 வரை ஏறக்குறைய 37,000 கோல்ற் துப்பாக்கிகளைப் படைக்கென வாங்கியது. அவை நீலமேற்றிய குழலும் எண்ணெயூட்டிய வால்நட் பிடியும் உடையவை. பிடியிலே சோதனை அதிகாரியின் முதலெழுத்துகள் முத்திரையாகப் பொறிக்கப்பட்டன. பின்னர் படையிலிருந்து கழிக்கப்பட்டவற்றுட் சில, வியாபாரிகளால் நிக்கல் முலாமிட்டு விற்கப்பட்டன. இத்தகைய துப்பாக்கியின் முத்திரை மரப்பிடியைக் கழற்றி, 'முலாமுக்கு ஏற்றது' எனத் தந்தப்பிடியைப் பொருத்துவோர், படைவரலாற்றுக்கு எஞ்சிய சான்றையும் அகற்றிவிடுகின்றனர். சிமித் - வெசன் துப்பாக்கிகளிலும் இதனையொத்த குறிப்புண்டு. அந்நிறுவனம் நிக்கல் பூசிய கீழ்மடிப்புத் துப்பாக்கிகளில் விசைக்காப்பை நீலநிறத்தில் விடுவதே வழக்கம். அதுவும் நிக்கலாகப் பளபளக்குமாயின், பிற்காலத்தில் மறுபடி முலாமிடப்பட்டதோ என ஐயுறல் வேண்டும்.

தெரிவு

மேற்கூறியவற்றால் சில நெறிகள் பெறப்படுகின்றன. உரிய பிடி இருப்பின், அது விரிசலுற்றதாயினும் அதனை மாற்றலாகாது. முதல் உரிமையாளர் காலத்திலே பொருத்திய தந்தமோ சிப்பியோ ஆயின், அது பாடபேதமாக மதித்துப் பேணத்தக்கது. பிடி இழக்கப்பட்டிருப்பின், பதிவேடும் உற்பத்தி ஆண்டும் காட்டும் எளிய வகையையே நாடல் வேண்டும். புதிதாகச் செய்த பிரதியைப் பொருத்தின், அது பிரதியென்பதையும் செய்த ஆண்டையும் அதன் உட்புறத்தில் எழுதிவைத்தல் வேண்டும். கழற்றிய பழைய பிடியைத் துப்பாக்கியுடனேயே வைத்துக் காத்தல் வேண்டும்.

புதிய தந்தத்தை நாடுவதற்கு இன்று நியாயமேயில்லை. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வாணிபம் பற்றிய உடன்படிக்கை 1975இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1979இல் அதில் இணைந்தது. ஆபிரிக்க யானையைக் கடுந்தடைப் பட்டியலிற் சேர்க்கும் முடிவு 1989இல் எடுக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு தை மாதத்தில், கைப்பற்றப்பட்ட ஏறக்குறைய ஒன்றரைத் தொன் தந்தம் கொழும்புக் காலிமுகத்திடலில் நொறுக்கப்பட்டது.

அரும்பொருட்சாலைகளில் அரசரின் உடைவாள் பேணப்படும். குடியானவனின் கத்தி துருவேறி மறையும். சேகரிப்போர் கையில் இதே குறை வேறுவடிவிலே நிகழ்கின்றது. கரிய இறப்பர்ப் பிடியை அகற்றித் தந்தம் பொருத்தும்போது சிறுகடைக்காரனின் துப்பாக்கி செல்வனின் துப்பாக்கியாக வேடம் பூணுகின்றது. இவ்வாறு ஆயிரம் துப்பாக்கிகள் மாறுமாயின், அக்காலத்தில் யாவரும் தந்தப்பிடியையே கையாண்டனர் எனப் பிற்காலத்தார் எழுதுவர். அப்பொய்க்கு நாமே சான்று படைத்தவராவோம். ஆகவே, ஒரு துப்பாக்கிக்குச் சரியான பிடி அதன் விலையை உயர்த்தும் பிடியன்று. அதனை ஆக்கியவரையும் ஆண்டவரையும் மெய்யாக உணர்த்தும் பிடியே என்பது எமது துணிபாகும்.