திருப்பதி வட்டாரத்தில் பொதுக் கல்வியும் தேர்வு மொழியும்

சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்த திருத்தணி 1911 முதல் 1960 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவர் இளமையில் பயின்ற பள்ளிகளுள் ஒன்று திருப்பதியின் லூத்தரன் மிஷன் பள்ளி. அவர் தலைமையேற்ற பல்கலைக்கழகக் கல்விக் குழு 1949இல் அளித்த அறிக்கையில் இரண்டு பரிந்துரைகள் இங்கு நோக்கத்தக்கன. எத்துறை மாணவரும் இயற்கை அறிவியல், சமூக அறிவியல், கலைப் புலங்கள் ஆகியவற்றின் அடிப்படைகளைப் பொதுக் கல்வியாகப் பெறவேண்டும் என்பது ஒன்று. தேர்வு முறையைத் திருத்தி, மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கை வகுப்புப் பணிக்கு ஒதுக்கவேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது பெற்ற வரவேற்பை இரண்டாவது பெறவில்லை.

காரணம் பழமையானது. 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் இலண்டன் முறையைப் பின்பற்றித் தேர்வு நடத்தும் அமைப்பாகவே தொடங்கியது, கற்பித்தவை கல்லூரிகள். சித்தூர் மாவட்டக் கல்லூரிகளும் அம்மரபில் வந்தவையே. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்து, 1954இல் திருப்பதியில் திருவேங்கடவன் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட பின்னரும் புறத்தேர்வு மரபு நீங்கவில்லை.

எனினும், கற்பிப்பவரும் தேர்வாளரும் வேறாயிருத்தல் மட்டுமே குறை என்று கொள்ளுதல் பொருந்தாது. சிகாகோ பல்கலைக்கழகப் பொதுக் கல்வித் திட்டத்திலும் தேர்வுக்கெனத் தனி அலுவலகம் இருந்தது. ஆயின் அங்கு, மாணவர் எதனைச் செய்யவல்லவராக வேண்டும் என்பதை ஆசிரியரோடு கூடி வரையறுத்த பின்னரே வினாக்கள் அமைக்கப்பட்டன. அவ்வலுவலகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் புளூம் 1956இல் கல்வி நோக்கங்களின் வகைப்பாட்டை வெளியிட்டார். மறு ஆண்டே தேர்வுச் சீர்திருத்தம் குறித்து ஆலோசனை கூற இந்தியா வந்தார்.

நினைவுகூர்தல், புரிந்துகொள்ளல், பயன்படுத்தல் என வளரும் அவ்வகைப்பாடு வினாத்தாளில் ஏவல் வினைகளையே பெரிதும் சார்ந்து நிற்கிறது. மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. ஒன்றன் இயல்புகளை எடுத்துரைக்கச் சொல்லும் ஆங்கில வினைக்கும், காரணம் காட்டித் தெளிவுறுத்தச் சொல்லும் வினைக்கும் தெலுங்கில் 'விவரிஞ்சண்டி' என்பதே பெரும்பாலும் வழங்குகிறது. தமிழ் 'விளக்குக' என்பதும் அவ்வாறே இருநிலைக்கும் பொதுவாகிறது. ஆங்கில மூலத்தில் புரிதலைச் சோதித்த வினா பெயர்ப்பில் மனப்பாடத்தைச் சோதிப்பதாக மாறிவிடக்கூடும். விடைத்தாள் திருத்துவோர் இதனை மாணவரின் குறையென்றே கொள்வர்.

வீட்டில் தமிழ் பேசித் தெலுங்கில் தேர்வெழுதும் எல்லைப்புற மாணவருக்கு இன்னொரு தடையும் உண்டு. தமிழ் எழுத்து ஒலிப்புடை, ஒலிப்பிலா, மூச்சொலி வேறுபாடுகளைக் காட்டுவதில்லை. பீமன் ஏந்தும் கதையும் பாட்டி சொல்லும் கதையும் தமிழில் ஒரே வடிவின. தெலுங்கில் அவை இரண்டும் வெவ்வேறு எழுத்துகளால் எழுதப்படுவன. தாய்மொழிப் பழக்கத்தால் எழுத்து மாறிய அறிவியல் விடையில் பிழை மொழியைச் சார்ந்ததா, பொருளைச் சார்ந்ததா எனப் பிரித்தறிய, இரண்டையும் ஒரே மதிப்பெண்ணுள் அடக்கும் முறை இடந்தருவதில்லை. மொழித்தாளில் இப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பது முறையே. பொதுக் கல்வித் தாளில் அன்று.